ஆக்சென்ட்டை விடுங்கள், அழுத்தத்தைச் சொல்லிக்கொடுங்கள்

திருச்சியில் ஸ்போக்கன் இங்கிலீஷ், ஐஇஎல்டிஎஸ், ஓஇடி வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

தில்லைநகர், புத்தூர், கண்டோன்மென்ட், சத்திரம் பேருந்து நிலையம் என்று ஊர் முழுக்க மாடிக்கு மாடி ஆங்கில வகுப்பு நடக்கிறது. அங்கே காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பேசித் தொண்டை வறளும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் உச்சரிப்பு மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் உங்கள் மாணவர்கள்தான். லால்குடி, முசிறி, மணப்பாறை, துறையூர்ப் பக்கத்து நர்ஸ் பெண்கள் வருகிறார்கள். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ விசா வரக் காத்திருக்கும் வெல்டர்களும் ஃபிட்டர்களும் வருகிறார்கள். அயர்லாந்துக்கும் கனடாவுக்கும் படிக்கப் போகிற பிள்ளைகளும் உண்டு. இலக்கணம், எழுத்து, தேர்வு நுணுக்கம் எல்லாம் நீங்கள் நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். பேச்சில்தான் தடை.

வந்ததும் அநேகமாக எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "சார், எனக்கு ஆக்சென்ட் வரலை." இந்த வாக்கியம்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. வராதது ஆக்சென்ட் அன்று என்று அவர்களுக்குப் புரியவைக்கவே முதல் சில வாரங்கள் போய்விடுகின்றன.

சென்ற ஆண்டு ஒரு பெண் வந்தாள். ஓஇடி எழுதி இங்கிலாந்து போக வேண்டும் என்பது அவள் எண்ணம். 'வாட்டர்' என்பதை 'வாரர்' என்று அமெரிக்கர் மாதிரியே சொன்னாள். அந்த ஒலிக்காக எத்தனை மாதம் நாக்கைச் சுருட்டிப் பழகியிருப்பாள் என்று கேட்டதுமே தெரிந்தது. இரவு டூட்டி முடிந்து, அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் நோயாளியை ஒப்படைப்பதாக வைத்துக்கொண்டு பேசு என்றேன். அவள் பேசப் பேச, காதில் விழுந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். முடித்ததும் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். மருந்தின் அளவு 50 மில்லிகிராம் என்று இருந்தது. அவள் சொல்ல நினைத்தது 15. தாளையே சிறிது நேரம் பார்த்தவள், "நான் கரெக்டாத்தானே சார் சொன்னேன்?" என்றாள்.

இந்த ஒரு சொல்லில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆங்கிலத்தில் 15-க்கும் 50-க்கும் உள்ள வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது. 15-இன் பின்பகுதி நெடில். 50-இன் பின்பகுதி குறுகியது. 15 'ன்' என்னும் மெய்யில் முடிகிறது. 15-ஐத் தனியாகச் சொன்னால் அழுத்தம் பின்பகுதியில் விழும். 50-இல் எப்போதும் முன்பகுதியில். ஆனால் அடுத்து 'மில்லிகிராம்' போல் முதல் அசையில் அழுத்தம் கொண்ட சொல் வந்தால், 15-இன் அழுத்தமும் முன்னுக்கு நகர்ந்துவிடும். ஆங்கிலேயர் வாயிலும் அப்படித்தான். ஆக, அழுத்தம் கைவிட்ட இடத்தில் நெடிலும் 'ன்'னும் மட்டுமே பொருளைக் காப்பாற்ற வேண்டும். நம் பிள்ளைகள் வேகமெடுக்கும்போது நெடில் குறுகுகிறது, 'ன்' அடுத்து வரும் 'மி'யோடு ஒட்டிக் கரைந்துவிடுகிறது. மிஞ்சுவது 50. இந்த ஆபத்து ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் உண்டு. மருந்துப் பாதுகாப்பு பற்றி வழிகாட்டுகிறவர்கள் எண்ணைச் சொன்னபின் இலக்கங்களைத் தனித்தனியாகவும் சொல்லச் சொல்வது அதனால்தான்: 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்.' அரை மணி நேரத்தில் இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். அந்தப் பெண்ணின் பல மாத உழைப்பு 'வாரர்' என்ற ஒலிக்குப் போயிருந்தது.

நம் பிள்ளைகள் யாரிடம் பேசப் போகிறார்கள்? திருச்சி விமான நிலையத்தில் 2024-இல் திறந்த புதிய முனையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் நேரடியாகப் பறக்கிறார்கள். துபாய் மருத்துவமனை ஒன்றில் நம் பெண்ணோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஃபிலிப்பைன்ஸ்காரராக இருப்பார், டாக்டர் எகிப்தியராக இருப்பார், கட்டிலில் படுத்திருப்பவர் பாகிஸ்தானியாக இருப்பார். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் நம் வெல்டருக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருப்பார். இவர்கள் யாருக்கும் அமெரிக்க 'ர்' தேவையில்லை. சொன்னது சொன்னபடி காதில் விழ வேண்டும். அதுதான் அவர்களுடைய தேவை.

இங்கிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் இதைத்தான் ஆராய்ந்தார். வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது பேச்சு எங்கே உடைகிறது என்று கவனித்து, 2000-ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். மெய்யொலிகள், குறில் நெடில் வேறுபாடு, சொல்லின் தொடக்கத்தில் சேர்ந்து வரும் மெய்கள், 'ப, ட, க' ஒலிகள் சொல் முதலில் வரும்போது வெளிப்படும் மூச்சு, ஒரு தொடரில் எந்தச் சொல்லை ஓங்கிச் சொல்கிறோம் என்பது ஆகியவை கெட்டால் புரிதல் கெடுகிறது என்றார். நாம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் 'திங்க்', 'தட்' சொற்களின் முதல் ஒலியை அவர் அவசியமானவற்றின் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

அவரோடு நான் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. தனிச்சொல்லுக்குள் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை என்பது அவர் கருத்து. நம் நாட்டு அனுபவம் வேறு. ஹைதராபாத் மத்திய ஆங்கில நிறுவனம், அதாவது இன்றைய இஃப்லு பல்கலைக்கழகம், ஆர்.கே. பன்சல் இந்திய ஆங்கிலம் கேட்பவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்த நூலை 1969-இல் வெளியிட்டது. புரியாமல் போவதற்கு அவர் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, சொல்லழுத்தம் இடம் மாறி விழுவது. நான் பன்சல் பக்கம். இங்கிலாந்தில் வார்டில் படுத்திருக்கும் எண்பது வயதுப் பாட்டி ஒலிகளைக் கூட்டிப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடிப்பதில்லை. அழுத்தம் விழும் அசையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லைத் தேடுகிறார். அது தவறான இடத்தில் விழுந்தால் தேடலும் தவறான இடத்தில் தொடங்கிவிடும்.

தேர்வுகளும் ஆக்சென்ட்டைக் கேட்கவில்லை. இதை நீங்கள் அறிவீர்கள், ஆனாலும் விளம்பரப் பலகைகளில் அந்தச் சொல்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. ஓஇடியில் உச்சரிப்பை அளக்கும் அளவுகோலின் பெயரே 'புரியும் தன்மை'. ஐரோப்பிய கவுன்சில் தன் மொழித்திறன் அளவுகோலில் உச்சரிப்புப் பகுதியை 2018-இல் திருத்தியபோது, தாய்மொழிக்காரரைப் போல் ஒலிப்பதை இலக்காகக் காட்டிய பழைய பார்வையை விட்டுவிட்டுப் புரியும் தன்மையை முன்னால் வைத்தது.

சரி, எதைக் கற்றுக்கொடுப்பது? நான் தமிழிலிருந்தே தொடங்குகிறேன். நம் மாணவர்கள் பள்ளியில் படித்து மறந்த எழுத்திலக்கணம் ஆங்கில உச்சரிப்புக்கு இவ்வளவு உதவும் என்று நானும் பணியில் இருந்தபோது முழுதாக உணரவில்லை. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. மூச்சு எங்கிருந்து எழுகிறது, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் எவை எங்கே சேர்ந்து எந்த ஒலி பிறக்கிறது என்று சொல்லும் இயல் அது. கண்ணாடியைக் கையில் கொடுத்து, நாக்கு எங்கே தொடுகிறது பார் என்று நாம் இன்று வகுப்பில் சொல்வதும் அதைத்தான்.

'பஸ்ஸு', 'லேட்டு', 'பேங்க்கு' என்று நம்மவர்கள் சொல்லின் கடைசியில் ஓர் உகரம் சேர்க்கிறார்கள். பல வகுப்புகளில் இதற்குச் சிரிப்பு கிளம்புகிறது. சிரிக்க இதில் ஒன்றுமில்லை. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது; அதனால் நாக்கு ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்து முடிக்கிறது. ராமானுஜரை இராமானுசர் என்று எழுத வைத்ததும் இதே வகை விதிதான். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. கொள்ளிடத்தை ஆங்கிலேயர் 'கோலரூன்' ஆக்கியதும் அவர்கள் மொழியின் ஒலி ஒழுங்கு இழுத்த இழுப்பில்தான். எந்த மொழிக்காரர் நாக்கும் இப்படித்தான் வேலை செய்யும். இதைச் சொன்னதும் மாணவர்கள் முகத்தில் இருக்கும் வெட்கம் போய்விடுகிறது. பிறகு திருத்தத்துக்கு வருவோம். அதற்கும் தமிழே வழி சொல்கிறது. அடுத்து உயிரெழுத்து வந்தால் குற்றியலுகரம் மறைந்துவிடும் என்ற புணர்ச்சி விதி எல்லோருக்கும் தெரியும். 'லேட்டு' என்பவர்கூட 'லேட்டாயிடுச்சு' என்னும்போது அந்த உகரத்தைச் சொல்வதில்லை. எனவே வல்லினத்தில் முடியும் ஆங்கிலச் சொற்களை முதலில் உயிரில் தொடங்கும் சொல்லோடு சேர்த்துப் பழக்குங்கள்: 'வேக் அப்', 'செக் இட்', 'டேக் எ சீட்'. பிறகு இரண்டாம் சொல்லை மனத்துக்குள் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். உகரம் தானாக நின்றுவிடும்.

குற்றியலுகரம் இன்னொரு பெரிய கதவையும் திறக்கிறது. 'நடு' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'நாடு' என்று சொல்லுங்கள். 'நடு'வின் உகரத்தில் உதடு குவிகிறது. 'நாடு' என்பதில் குவிவதே இல்லை, ஒலி பாதியில் விழுங்கப்படுகிறது. அதற்கு அரை மாத்திரைதான் என்று இலக்கணம் அளந்தே வைத்திருக்கிறது. உயிரொலியைக் குறுக்குவது தமிழ் வாய்க்குப் புதிதில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசைகளில் நடப்பது இதேதான். 'ஃபோட்டோகிராஃப்' என்னும் சொல்லில் முதல் அசை ஓங்கி ஒலிக்கும். அதிலிருந்து பிறந்த 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விட, முதல் அசை குறுகி, ஏறக்குறைய 'ஃபட்டாக்ரஃபர்' என்றே கேட்கும். நாம் எல்லா எழுத்தையும் முழு மாத்திரையோடு சொல்கிறோம். எழுத்துக்கு மரியாதை கொடுக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். கேட்கும் காதுக்கு எது முக்கியமான அசை என்று தெரியாமல் போகிறது.

அழுத்தம் ஏன் நமக்கு இடம் மாறுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. நெடில் வந்தாலோ, குறிலோடு ஒற்று சேர்ந்தாலோ நம் காது அந்த அசையைக் கனமாக எடுத்துக்கொள்கிறது. 'சிலிண்டர்' என்றால் 'லிண்' மேல் சாய்கிறோம். ஆங்கிலத்தில் 'சி'தான் ஓங்கும். 'கதீட்டர்' என்று தமிழில் எழுதும்போதே நடுவில் ஒரு நெடிலைப் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் முதல் அசை 'கேத்' ஓங்கி, மற்றவை சுருங்கும். 'இன்சுலின்' முதல் அசையில், 'டயபீட்டிஸ்' நடுவில் 'பீ'யில். மேசையில் தட்டச் சொல்லுங்கள். ஓங்கிய தட்டு ஒரு சொல்லுக்கு ஒன்று, மற்றவை விரல் நுனியால். ஐந்தே நாளில் வித்தியாசம் கேட்கும். விதிகளை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, நர்ஸ் வேலைக்குத் தேவையான இருநூறு சொற்களைத் தட்டியே பழக்குவது மேல் என்பது என் அனுபவம். வெல்டர்களுக்கு வேறு இருநூறு.

முதுகு, பை, பொட்டலம் மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். மூன்றும் 'பேக்' என்றே வரும். கண்களுக்கும் பனிக்கட்டிக்கும் எழுதினால் இரண்டும் 'ஐஸ்'. எழுத்தில் ஒன்றாகிவிடுவது பேச்சிலும் ஒன்றாகிவிடுகிறது. நோயாளியின் கண்ணில் வலி என்று சொல்ல வந்தவர் சொன்னது பனிக்கட்டியாகக் கேட்கிறது. இங்கே தீர்வு கடைசி மெய்யில் இல்லை, அதற்கு முன்னால் உள்ள உயிரில் இருக்கிறது. அதிர்வுள்ள மெய்க்கு முன்னால் ஆங்கிலம் உயிரை நீட்டும், அதிர்வில்லாத மெய்க்கு முன்னால் சட்டென்று வெட்டும். கண்களுக்கு 'ஐ'யை இழுக்க வேண்டும், பனிக்கட்டிக்கு நறுக்க வேண்டும். நீட்ட வேண்டிய இடத்தில் 'அளபெடை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், பத்தாம் வகுப்பு படித்தவர் எவரும் பிடித்துக்கொள்வார். பைக்கும் முதுகுக்கும் அதே வைத்தியம். பொட்டலத்துக்கு முதல் ஒலியில் மூச்சு வெளிப்பட வேண்டும். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள், அது ஆட வேண்டும்.

இவற்றை எழுதிக் காட்டத் தனி ஒலிக்குறிகளைத் தேடி ஓட வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டுப் பூஜை அலமாரியிலும் இருக்கும் சுலோகப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சம்ஸ்கிருத ஒலிகளைத் தமிழில் காட்ட 'ப'வுக்குப் பக்கத்தில் பொடியாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். நான் அதையே ஆங்கிலத்துக்கு எடுத்துக்கொண்டேன். மூச்சு விடும் 'ப'வுக்கு 2, அதிரும் 'ப'வுக்கு 3. பாட்டி படிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடுகிறது. மற்றவர்களுக்கு ஒரு வகுப்பு போதும். காதுக்கு எழுத்து போதவில்லை என்றால் எழுத்தில் குறி சேர்த்துக்கொள்வது நமக்குப் புதிய வழக்கம் அன்று. எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்ட எழுத்தைத் திருத்திய வீரமாமுனிவர், இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்று, நமக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர்.

சில ஒலிகளைத் தேடவே வேண்டாம், நம்மிடமே இருக்கின்றன. 'மதர்', 'ஃபாதர்' சொற்களின் நடு ஒலி, 'அது', 'இது' என்று இயல்பாகச் சொல்லும்போது நம் வாயில் தானாக வருகிறது. ஆங்கில 'ட' நம் டகரம்போல் நாக்கை மடித்துச் சொல்வதில்லை. நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தொட வேண்டும். அது பழைய றகரத்தின் இடம். யாழ்ப்பாணத்தில் 'காற்று', 'வெற்றி' என்னும்போது அந்த ஒலியை இன்றும் கேட்கலாம். அதனால்தான் இலங்கைத் தமிழர்கள் நாம் 'டிக்கெட்' என்று எழுதுவதை 'ரிக்கற்' என்று எழுதுகிறார்கள். அவர்கள் காது ஆங்கில ஒலியை நம்மைவிடச் சரியாகப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, கற்பிக்கும் முறை. ஸ்ரீரங்கத்துக்காரன் என்பதால் இதை நான் சொல்லியே ஆக வேண்டும். உச்சரிப்பைக் கற்பிப்பதைத் தனிக் கலையாக வளர்த்த ஊர் இது. இங்கே வேதமும் பிரபந்தமும் சந்தை முறையில் கற்கிறார்கள். ஆசிரியர் ஒரு தடவை சொல்வார், பிள்ளைகள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வார்கள். காது, பிறகு வாய், அதன்பின்தான் கண். மார்கழியில் பகல் பத்திலும் இராப் பத்திலும் பெருமாள் முன் அரையர்கள் சேவிக்கும் பாசுரங்கள் இப்படிக் காது வழியாகவே தலைமுறை தலைமுறையாக வந்தவை. தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி, ஒலி, சுரம், மாத்திரை, ஒலிக்கும் பலம் என்று உச்சரிப்புப் பாடத்தைத் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறது. ஒலியை ஒலியாகக் கற்பிப்பதில் இவ்வளவு அனுபவம் நம் தெருக்களில் இருக்கிறது.

நம் ஆங்கில வகுப்பில் வரிசை தலைகீழாக இருக்கிறது. சொல்லைப் பலகையில் எழுதுகிறோம், மாணவர் ஸ்பெல்லிங்கைப் பார்க்கிறார், கண்ணுக்குத் தெரியும் எழுத்தையெல்லாம் வாய் சொல்லிவிடுகிறது. 'ரிசீப்ட்', 'டெப்ட்', 'சால்மன்', 'ஐரன்' எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். இவற்றைக் காதால் முதலில் கேட்ட ஒருவர் இப்படிச் சொல்லவே மாட்டார். முதல் இரண்டு வாரம் பலகையைத் தொடாமல் நடத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு தடவை சொல்லுங்கள், இரண்டு தடவை சொல்ல வையுங்கள், பிறகு கைபேசியில் பதிவு செய்து அவர்கள் குரலை அவர்களே கேட்கட்டும். பேசினால் எழுதிக்காட்டும் வசதி இப்போது எல்லாக் கைபேசியிலும் இருக்கிறது. அதைச் சோதனைக்குப் பயன்படுத்தலாம், ஆனால் தனித்தனிச் சொற்களுக்கு மட்டும். முழு வாக்கியமாகச் சொன்னால் அது சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும். தவறான உச்சரிப்பும் சரியானதுபோல் தோன்றும்.

நம் ஆசிரியர்களுக்கே காதுப் பயிற்சி போதுமான அளவு கிடைத்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1950-களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு, தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர அன்றைய சென்னை மாநிலத்தில் ஒரு பெருமுயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுப்பது என்று பெருகிக்கொண்டே போகும் திட்டம். எண்ணிக்கையை எட்ட அந்த வழி உதவும். இலக்கணக் குறிப்பு பத்துக் கை மாறினாலும் அப்படியே இருக்கும். ஒலி அப்படி இருக்காது, ஒவ்வொரு வாய் மாறும்போதும் கொஞ்சம் தேயும். அதனால் நம்மில் ஒவ்வொருவரும் மூல ஒலியை நேரடியாகக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் அது கடினம். இன்று அகராதிச் செயலியைத் தொட்டால் கேட்கிறது.

மாணவர்களின் காதையும் தயார் செய்ய வேண்டும். பிபிசி செய்தியை மட்டும் போட்டுப் பழக்கி அனுப்பினால், கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்காரர் பேசும் ஆங்கிலம் முதல் நாளே அவர்களைத் திகைக்க வைத்துவிடும். பிலிப்பைன்ஸ், நைஜீரியா, யார்க்‌ஷயர், அயர்லாந்து, கேரளம் என்று பலவிதக் குரல்களை வகுப்பில் போடுங்கள். இத்தனை விதமாகப் பேசுகிறவர்களும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு வேலை செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைக்குத் தன் குரல்மேல் நம்பிக்கை வருகிறது.

அடுத்தது, எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். தமிழில் பேசினால் அபராதம் வாங்கும் வகுப்புகள் இன்னும் இருக்கின்றன. பேசும்போதே குறுக்கிட்டு, எல்லோர் முன்னாலும் 'வில்லேஜ் ஆக்சென்ட்' என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. எந்த வகுப்பு என்று சொல்வது என் நோக்கமில்லை. அதன் விளைவை மட்டும் சொல்கிறேன். துறையூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவள், வகுப்பில் சிரித்துவிட்டார்கள் என்பதற்காகப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். என்னிடம் வந்து முதல் மூன்று வாரம் தலையாட்டல் மட்டும்தான். அவள் ஆங்கிலத்தில் திருத்த வேண்டியவை நான்கைந்து ஒலிகளும் சொல்லழுத்தமும்தான். அவற்றைத் திருத்துவதற்கு முன்னால் அவளைப் பேசவைக்க வேண்டியிருந்தது. அதற்கு நான் தமிழில்தான் பேசினேன். எந்த இடத்தில் நாக்கை வைக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று ஒருவருக்குப் புரியவைப்பதற்கு அவருடைய தாய்மொழியைவிட நல்ல கருவி எது? திருத்தங்களைப் பேசி முடித்த பிறகு சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒலி. அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து.

வலங்கைமானில் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து, உலகமே வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று போற்றிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரை உதாரணம் காட்டி, அவரைப்போல் பேச வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேசட்டும், அந்த ஆசை உள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து அங்கே போகட்டும். நான் சொல்வது, ஆறு மாதத்தில் விமானம் ஏற வேண்டிய பிள்ளைகளைப் பற்றி. இந்தக் குறுகிய காலத்தில் எதை முதலில் வைப்பது, எதை விடுவது என்று நாம் முடிவெடுத்தே ஆக வேண்டும். சொல்லழுத்தம், குறில் நெடில், சொல்லின் இரண்டு முனைகளிலும் நிற்கும் மெய்கள், ஆங்கிலத்தின் இரண்டு 'வ'க்களில் ஒன்றுக்கு உதடு குவிப்பதும் மற்றதற்குப் பல் படுவதும், எண்களைச் சொல்லும் முறை. இவை முடிந்து நேரம் மிஞ்சினால் மற்றவை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்களிடம் படித்து வெளிநாடு போனவர்களின் எண்கள் உங்கள் கைபேசியில் இருக்கும். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அங்கே போன புதிதில், எந்தச் சொல்லைச் சொன்னபோது எதிரில் இருந்தவர் 'என்ன சொன்னீர்கள்?' என்று திரும்பக் கேட்டார்? யார் கேட்டார், எந்த ஊர்க்காரர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நர்ஸ்கள் சொல்வதைத் தனியாகவும், பட்டறை, கட்டுமான வேலைக்குப் போனவர்கள் சொல்வதைத் தனியாகவும் எழுதிவையுங்கள். என் மாணவர்களிடம் நான் கேட்கத் தொடங்கிவிட்டேன். பொங்கலுக்குப் பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் ஸ்ரீரங்கத்தில் கூடி அவற்றை ஒன்றாகச் சேர்ப்போம். திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் எந்தச் சொற்களில் தடுமாறுகிறார்கள் என்று நாமே தயாரித்த பட்டியல், ஒவ்வொரு சொல்லுக்கும் சரியான ஒலிப்பதிவோடு, கட்டணமில்லாமல் எல்லா வகுப்புகளுக்கும் கிடைக்க வேண்டும். பதிவுக்குக் குரல் கொடுக்க உங்களில் சிலர் வேண்டும். ஆண் குரலும் பெண் குரலும், தமிழ் வாயிலிருந்து தெளிவாக வரும் ஆங்கிலக் குரல்களாக.

அன்புடன்,
உங்கள் சக ஆசிரியன்,
ஸ்ரீரங்கம்